கைக்குழந்தைக்குச் சளி: பலரும் செய்யும் தவறுகள்

"பச்சைக் குழந்தை, எதிர்ப்பு சக்தியே இருக்காது" என்று சொல்லி டானிக் தேடுவதுதான் முதல் தவறு. சக்தி இருக்கிறது, அதன் போக்குதான் வேறு. கருவில் தாயின் செல்களோடு சண்டை போடாமல் அடங்கியிருந்த பழக்கம், பிறந்த பிறகும் சில மாதங்கள் நீடிக்கும். அதுவரை காவலுக்கு இருப்பவை, பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடிகள் (கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள்). குறைமாதக் குழந்தைக்கு இவை குறைவு.

எதிர்ப்பைத் தூண்டிவிட்டால் போதும் என்பதும் சரியில்லை. 1960களில் அமெரிக்காவில் ஃபார்மலின் என்ற ரசாயனத்தால் செயலிழக்கச் செய்த ஆர்.எஸ்.வி. (குழந்தைகளின் மூச்சுக்குழாய்களைத் தாக்கும் சளி வைரஸ்) வைரஸைத் தடுப்பூசியாகக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு அதே வைரஸ் தொற்றியபோது, ஊசி போட்டவர்களுக்குத்தான் நோய் முற்றியது. இரண்டு குழந்தைகள் இறந்தன. (இப்போது கர்ப்பிணிகளுக்குப் போடும் ஆர்.எஸ்.வி. தடுப்பூசி வேறு வகை. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அடுத்தது, "காய்ச்சல்தான் இல்லையே" என்ற நிம்மதி. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை சூடே இல்லாமல் பால் குடிப்பதை நிறுத்தலாம், துவண்டு போகலாம், நடுவில் சில நொடி மூச்சே நின்று போகலாம். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

தெர்மாமீட்டரைவிட நெஞ்சைப் பாருங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, அதிலிருந்து ஒரு வயது வரை 50: இதைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ தாமதிக்கக் கூடாது. ஆர்.எஸ்.வி. சளி பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். இரண்டாம் நாள் சிரித்து விளையாடுகிறது என்று அசந்துவிடாதீர்கள்.

மூச்சு இழைப்பு (வீசிங்) வருவது வைரஸால் மட்டுமில்லை. அதை எதிர்க்க வந்த செல்களும் சளியும் சேர்ந்து நூலிழை மூச்சுக்குழாய்களை அடைக்கின்றன. இங்கே ஆன்டிபயாடிக்குக்கு வேலையே இல்லை. மிச்சம் வைத்த பழைய பாட்டில் இருமல் சிரப்பும் அப்படித்தான், ஆபத்து வேறு. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை போடும் பாட்டிகளிடம் இதமாகச் சொல்லிப் பாருங்கள், வீங்கிய குழாய்க்குப் புகை இன்னும் எரிச்சல்.

அப்புறம், தாய்க்கே சளி என்றால் பாலை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்த வேண்டாம். அவர் உடல் அந்தக் கிருமிக்கு எதிராக உருவாக்கும் ஆன்டிபாடிகள் பால் வழியாகவும் குழந்தைக்குக் கிடைக்கின்றன. கையைக் கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுக்கலாம்.