டைகர் லில்லி: தண்டுல இருக்குற கறுப்பு மணியை விட்டுடாதீங்க

ஆரஞ்சு இதழு, மேல கறுப்புப் புள்ளி, பின்பக்கமா சுருண்டு தலைகீழா தொங்கும். பேரு டைகர் லில்லி, புலிக்கு ஏதுங்க புள்ளி, சரி விடுங்க. சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் காட்டுல தானா வர்ற செடி, அங்க கிழங்கைத் தின்னவே தனியா வளர்க்குறாங்க.

இதுல பெரும்பாலும் விதை பிடிக்காது. அதுக்குப் பதிலா இலையும் தண்டும் சேர்ற இடத்துல மிளகை விட கொஞ்சம் பெருசா கறுப்பு மணி வரும், அதான் நாத்து. பூ முடிஞ்சப்புறம் விரல் பட்டாலே உதிர்ற பதத்துல எடுத்து, தண்ணி தேங்காத மண்ணுல ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆழத்துல வச்சுடுங்க. மொதல் வருஷம் ஒத்த இலைதான் வரும், புல்லுன்னு நெனச்சு பிடுங்கிடாதீங்க, பூ பாக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும். குளிர்காலம்னு ஒண்ணு இல்லாத ஊர்ல இது சரிப்படாது. வேற லில்லி வச்சிருந்தா தள்ளி வைங்க, இது வைரஸை வெளிய காட்டாம சுமந்துட்டு பக்கத்துச் செடிக்குக் குடுத்துடும்.

கிழங்கு பெருக்கணும்னா மொட்டைக் கிள்ளிடணும், மனசு வராது, ஆனா அதான் வழி. இலை பழுத்ததும் தோண்டுங்க. பூண்டு மாதிரி இதழ் இதழா பிரியும், பழுப்பு ஓரத்தை வெட்டிட்டு ரெண்டு நிமிஷம் கொதிக்க விட்டு அந்தத் தண்ணியை ஊத்திட்டா கசப்பு குறையும். அப்புறம் செலரியோட வதக்கலாம், இல்ல தாமரை விதை, கல்கண்டு போட்டு சீனாக்காரங்க மாதிரி இனிப்பு சூப் வைக்கலாம். ரொம்ப வேகவிட்டா கரைஞ்சு மாவாயிடும். சிங்கப்பூர்ல இருக்கவங்களுக்கு தோண்டுற வேலையே இல்ல, சீன மருந்துக் கடையில காய்ஞ்சதே கிடைக்கும், வறட்டு இருமலுக்குன்னு வாங்குவாங்க, ஊறப்போட்டு சமைச்சா போதும்.

லில்லி கிழங்கு திங்கலாம்னு கேட்டுட்டு நம்மூரு செங்காந்தள் கிழங்குல கை வச்சுடாதீங்க, அது வேற குடும்பம், கோல்ச்சிசின் விஷம், ஆளையே கொல்லும். வீட்டுல பூனை இருந்தா இந்தச் செடியே வேணாம், மகரந்தத்தை நக்கினாலும் பூ வச்ச ஜாடித் தண்ணியைக் குடிச்சாலும் அதுக்கு கிட்னி போயிடும், அப்படி ஆச்சுன்னா காத்திருக்காம உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.