சிறுநீரகம் பழுதாவதை முன்கூட்டியே அறிய: இரண்டு பரிசோதனைகளைச் செய்துகொள்வதும் படிப்பதும்

சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகும்போது வலி எதுவும் தெரிவதில்லை. காலும் முகமும் வீங்கி, பசி மந்தப்பட்டு, உடம்பு அரிக்கத் தொடங்கும் நேரத்தில் அதன் வேலைத்திறனில் பெரும்பகுதி போயிருக்கும். ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இரண்டு தடயங்கள் அளந்து பார்க்கக் கிடைக்கின்றன. ஒன்று, சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம். மற்றொன்று, இரத்தத்தில் தேங்கும் கிரியேட்டினின் என்ற கழிவு. நோயைக் கண்டறியவும் அதன் போக்கை முன்கணிக்கவும் உதவும் இத்தகைய பொருள்களை உயிர்க்குறிப்பான்கள் என்கிறோம். புதிதாக எத்தனையோ குறிப்பான்கள் ஆய்வில் இருந்தாலும், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ள ஒருவருக்கு இந்தப் பழைய இரண்டும் தருகிற அளவுக்குப் பயனை, இவ்வளவு குறைந்த செலவில், வேறு எதுவும் தருவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த எண்ணம் எனக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தாயாருக்கு 50 வயதில் நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது இரத்தக் கிரியேட்டினின் (டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்) 0.7. அடுத்த 11 ஆண்டுகளில் அது 0.8 ஆகி, 0.9 ஆகி, 61 வயதில் 1.0 ஆனது. பெண்களுக்கு ஆய்வகத் தாளில் அச்சிடப்படும் இயல்பு வரம்பு ஏறத்தாழ 0.6 முதல் 1.1 வரை என்பதால், ஒவ்வொரு முறையும் ‘நார்மல்’ என்ற சொல்லோடுதான் நாங்கள் வீடு திரும்பினோம். சிறுநீரில் அல்புமினை ஒருமுறைகூட யாரும் அளக்கச் சொல்லவில்லை; கேட்கவேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. அந்த எண்களைப் பின்னாளில் வரிசையாக எழுதிக் கணக்கிட்டுப் பார்த்தபோது, அவருடைய சிறுநீரக வடிதிறன், அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்ற கணிப்பு, 105-இலிருந்து 64-க்கு இறங்கியிருந்தது. எல்லாம் ‘நார்மல்’ என்ற காலத்திலேயே ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது.

யாருக்கு, எப்போது

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள், நோய் கண்டுபிடிக்கப்பட்ட அன்றே இரண்டு பரிசோதனைகளையும் செய்துகொண்டு, பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது தொடரவேண்டும். சர்க்கரை எப்போது ஏறத் தொடங்கியது என்பது அவர்களுக்குத் தெரியாது என்பதே இதற்குக் காரணம். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் ஐந்தாம் ஆண்டிலிருந்து தொடங்கினால் போதும். உயர் இரத்த அழுத்தம், இதயநோய், குடும்பத்தில் டயாலிசிஸ் செய்துகொண்டவர் இருத்தல், நெடுநாளாக வலி மாத்திரை விழுங்கும் பழக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

ஆய்வகத்தில் கேட்கவேண்டியது ‘யூரின் அல்புமின் கிரியேட்டினின் ரேஷியோ’, சுருக்கமாக ஏசிஆர். வெறும் ‘யூரின் கம்ப்ளீட்’ என்று கேட்டால் பெரும்பாலும் நிறம் மாறும் பட்டையை நனைத்துப் பார்த்துப் புரதம் ‘இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். அல்புமின் கணிசமாகப் போகத் தொடங்கிய பிறகே அந்தப் பட்டை நிறம் மாறும். தொடக்கநிலைக் கசிவை அது பெரும்பாலும் தவறவிடும். நுரை வருகிறதா என்று பார்த்து முடிவு செய்வதும் இப்படித்தான்: நுரை வந்தால் உடனே பரிசோதிக்கவேண்டும், ஆனால் நுரை இல்லாததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாதிரி எடுக்கும் விதம்

காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரே சிறந்தது. முதலில் சிறிது விட்டுவிட்டு, நடுப்பகுதியைச் சுத்தமான புட்டியில் பிடிக்கவேண்டும். உடனே கொண்டுபோக முடியாவிட்டால் மூடி குளிர்பெட்டியில் வைக்கலாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் ஆகிய நாள்களிலும், கடும் உடற்பயிற்சி செய்த 24 மணி நேரத்துக்குள்ளும், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ மிகவும் எகிறியிருக்கும்போதும் எடுக்க வேண்டாம்; சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த நேரங்களில் அல்புமின் கூடிக் காட்டும்.

அல்புமினை மட்டும் அளக்காமல் அதைச் சிறுநீரில் உள்ள கிரியேட்டினினால் வகுப்பது ஏன் என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். ஒருவருடைய சிறுநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் அல்புமினும் 0.6 கிராம் கிரியேட்டினினும் உள்ளன என்றால், 45-ஐ 0.6-ஆல் வகுக்க 75 வரும். அவரே இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் சிறுநீர் மூன்று மடங்கு நீர்த்து, அல்புமின் 15 ஆகவும் கிரியேட்டினின் 0.2 ஆகவும் குறையும். அல்புமினை மட்டும் பார்த்தால் அவர் தப்பிவிட்டதுபோல் தோன்றும். வகுத்தால் மீண்டும் அதே 75.

ஏசிஆரைப் படிப்பது

ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே அல்புமின் இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. இதைத்தான் பழைய தாள்களில் ‘மைக்ரோ அல்புமின்’ என்று எழுதுவார்கள். 300-க்கு மேல் கடுமையான கசிவு. கிரியேட்டினின் கிராமுக்குப் பதிலாக மில்லிமோலில் தரப்பட்டிருந்தால் இந்த எல்லைகள் 3, 30 என்று மாறும் என்பதால், எண்ணைப் பார்க்குமுன் அலகைப் பார்க்கவேண்டும்.

ஒரே ஒரு முறை 30-ஐத் தாண்டியதற்காக நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அல்புமின் நாளுக்கு நாள் நிறையவே ஏறி இறங்கும். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் குறைந்தது இரண்டில் கூடியிருந்தால்தான் அது நிலையான கசிவு. அதேபோல், ஒருமுறை கூடி மறுமுறை குறைந்தது என்று மூன்றாவது மாதிரியைக் கொடுக்காமல் விட்டுவிடவும் கூடாது.

இந்தக் கசிவுக்கு முன்னுரைக்கும் ஆற்றல் உண்டு என்பது தற்செயலாகத் தெரிந்ததன்று. 1963-இல் லண்டனில் ஹாரி கீனும் அவருடன் பணியாற்றியவரும் பட்டைக்கு எட்டாத சிறு அளவு அல்புமினை அளக்கும் முறையை உருவாக்கினார்கள். 1982-இல் வைபெர்ட்டி குழுவினர், முதல் வகை நீரிழிவில் இச்சிறு கசிவு உள்ளவர்களுக்கே பிற்காலத்தில் சிறுநீரக நோய் மிகுதியாக வருகிறது என்று காட்டினார்கள். 1984-இல் டென்மார்க்கின் மோகன்சன், நடுவயதுக்குப் பின் வரும் நீரிழிவிலும் அது அவ்வாறே முன்னறிவிக்கிறது என்றும், அத்தகையோர் முன்னதாகவே இறக்கும் வாய்ப்பும் கூடுதல் என்றும் காட்டினார். அந்த இறப்புகளில் இதயநோய்க்குப் பெரிய பங்கு உண்டு. வடிகட்டியில் கசிவு என்பது உடலெங்கும் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிவதன் அடையாளமும்கூட. ஆகவே ஏசிஆர் கூடியவர் சிறுநீரகத்தோடு இதயத்தையும் பரிசோதித்துக்கொள்ளவேண்டும்.

கிரியேட்டினினைப் படிப்பது

நம் ஊரில் கிரியேட்டினின் ஏறினால் ‘உப்பு கூடிவிட்டது’ என்பார்கள். மருத்துவமனை வராந்தாவில் நாள்தோறும் கேட்கும் பேச்சு இது. ஆனால் கிரியேட்டினினுக்கும் சமையல் உப்புக்கும் தொடர்பில்லை. அது தசையிலிருந்து நாள்தோறும் வரும் கழிவு. உப்பைக் குறைப்பது இரத்த அழுத்தத்துக்கு மிக நல்லது, ஆனால் அதனால் கிரியேட்டினின் நேராக இறங்கிவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

தசையிலிருந்து வருவதால், தசை மிகுந்தவருக்கு அது இயல்பாகவே கூடுதலாக இருக்கும். மெலிந்த முதியவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் குறைவாகவே காட்டும். ஆகவே அந்த எண்ணை அப்படியே படிக்காமல், வயதையும் பாலினத்தையும் சேர்த்து வடிதிறனாக மாற்றிப் படிக்கவேண்டும். ஆய்வகத் தாளில் இது ‘இஜிஎஃப்ஆர்’ என்ற பெயரில் இருக்கும். இல்லையென்றால் 2021-இல் திருத்தப்பட்ட சிகேடி-எபி சூத்திரத்தைக் கொண்ட கணிப்பான்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1.0 என்ற கிரியேட்டினின், 25 வயது இளைஞருக்கு ஏறத்தாழ 107 என்ற நல்ல வடிதிறனைக் குறிக்கும். அதே 1.0 தான் 61 வயதில் என் தாயாருக்கு 64.

வடிதிறன் 90-க்கு மேல் இருப்பது இயல்பு. 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். 60-க்கு மேல் இருந்தாலும் அல்புமின் கசிவு அதே காலம் நீடித்தால் அதுவும் நோய்தான் என்பதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். 30-க்குக் கீழே கடுமையான நிலை, 15-க்குக் கீழே சிறுநீரகச் செயலிழப்பு.

பரிசோதனைக்கு முந்தின இரவு கறிச்சோறு சாப்பிட்டாலும், உடற்பயிற்சிக்கூடத்தில் கிரியேட்டின் மாவு எடுத்துக்கொண்டாலும் எண் சற்று ஏறும். அளக்கும் முறைகளும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும் என்பதால், கூடுமானவரை ஒரே ஆய்வகத்தில் கொடுப்பது நல்லது. கை கால் இழந்தவர், தசை மிகவும் கரைந்தவர் போன்றோரிடம் கிரியேட்டினினை நம்ப முடியாதபோது மருத்துவர் சிஸ்டாட்டின்-சி என்ற மற்றொரு குறிப்பானை அளக்கச் சொல்லலாம். தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் அதையும் பாதிக்கும் என்பதால் அவற்றை முன்பே சொல்லிவிடவேண்டும்.

வரிசையாக எழுதுவதும் முன்கணிப்பதும்

ஒரு நோட்டில் தேதி, வயது, கிரியேட்டினின், வடிதிறன், ஏசிஆர், அன்றைய இரத்த அழுத்தம், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றை ஒரே வரியில் எழுதிவாருங்கள். இந்த முழு வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மருத்துவர் மாறுவார், ஆய்வகம் மாறும், தாள்களின் மை மங்கும்; வரிசை உங்கள் கையில் இருந்தால் சரிவு கண்ணில் படும். நாற்பது வயதுக்குப் பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 புள்ளி இறங்குவது முதுமையின் இயல்பு. என் தாயாருக்கு ஆண்டுக்கு 4 புள்ளிக்குச் சற்றே குறைவாக இறங்கியிருந்தது. 5 புள்ளிக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் அது வேகமான சரிவு. சிறுநீரக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

வடிதிறன் 60-க்குக் கீழே வந்தவர்களுக்கு, முன்கணிப்பைச் சதவிகிதமாகவே சொல்லும் ஒரு சமன்பாடு உண்டு. 2011-இல் கனடாவில் நவ்தீப் டாங்ரி குழுவினர் உருவாக்கிய இது, வயது, பாலினம், வடிதிறன், ஏசிஆர் ஆகிய நான்கை மட்டும் கேட்டு, இரண்டு ஆண்டுகளிலும் ஐந்து ஆண்டுகளிலும் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படும் வாய்ப்பைக் கணக்கிடுகிறது. ஐந்தாண்டு வாய்ப்பு 3 முதல் 5 சதவிகிதத்தை எட்டினால் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பலாம் என்றும், ஈராண்டு வாய்ப்பு 40 சதவிகிதத்தைத் தாண்டினால் அடுத்த கட்டச் சிகிச்சைக்கான ஆயத்தங்களைத் தொடங்கலாம் என்றும் பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. இந்தச் சதவிகிதம் விதியன்று. ஒரே எண்கள் உள்ள நூறு பேரில் எத்தனை பேருக்கு அப்படி நேரும் என்பதுதான் அது. சிகிச்சை மாறினால் அதுவும் மாறும்.

இந்த இரண்டு குறிப்பான்களும் எல்லாச் சிறுநீரக நோயையும் ஒரேபோல் பிடிப்பதில்லை. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் உழவர்களிடையே பரவலாகக் காணப்படும், காரணம் முழுதும் தெளிவாகாத சிறுநீரக நோயில், வடிகட்டியைவிடச் சிறுநீரக நுண்குழல்களும் சுற்றியுள்ள திசுவுமே முதலில் கெடுவதால் அல்புமின் மிகக் குறைவாகவே கசியும். ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் அத்தகைய நோய் உண்டு. அங்கெல்லாம் ஏசிஆர் இயல்பாக இருப்பதை வைத்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. வடிதிறனையும் பார்த்தே ஆகவேண்டும்.

எண் கூடியது தெரிந்த பின்

தொடக்கத்தில் கண்டுபிடிப்பதால் பயன் உண்டு என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. லோசார்ட்டான், இர்பெசார்ட்டான் ஆகிய மருந்துகள் நீரிழிவுச் சிறுநீரக நோயின் சரிவை மந்தப்படுத்துவதை 2001-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. கானாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் 2019-க்குப் பின் அதில் மற்றொரு பெரிய அடியை எடுத்துவைத்தன. எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டியது, இவற்றைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் சற்று ஏறுவது எதிர்பார்க்கப்படுவதே என்பது. லோசார்ட்டான் வகையில் 30 சதவிகிதம் வரையிலான ஏற்றத்தைப் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். ‘மாத்திரையால் உப்பு கூடிவிட்டது’ என்று தாமாகவே நிறுத்திவிடுவது, நான் கண்ட தவறுகளிலேயே மிகவும் வருந்தத்தக்கது. பொட்டாசியத்தையும் சேர்த்துப் பரிசோதித்து, தாளோடு மருத்துவரிடம் போங்கள். வீட்டில் உள்ள வலி மாத்திரைகளையும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத சூரணங்களையும் கூடவே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

சிகிச்சை தொடங்கிய பிறகு ஏசிஆரை மீண்டும் அளக்கவேண்டும். முன்பிருந்ததில் 30 சதவிகிதமாவது குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று கொள்ளலாம். வடிதிறன் 30-க்குக் கீழே வந்துவிட்டவர்கள், இரத்தம் எடுக்கவும் குளுக்கோஸ் ஏற்றவும் கூடுமானவரை புறங்கை நரம்பையே பயன்படுத்தச் சொல்லவேண்டும். எழுதாத கையின் முன்கை நரம்புகளை ஊசியிலிருந்து காத்துவைத்தால், டயாலிசிஸ் தேவைப்படும் நிலை வரும்போது அதற்கான ஃபிஸ்டுலாவை, அதாவது தமனியையும் சிரையையும் அறுவையால் இணைத்து அமைக்கும் இரத்த வழியை, அங்கே அமைக்க முடியும். அமைத்த ஃபிஸ்டுலா பயன்படுத்தும் அளவுக்கு முதிரவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால், இதை மருத்துவர் சொல்லும்வரை காத்திராமல் நீங்களே முதலில் கேளுங்கள்.