கார் சாவி ரிமோட்டில் பேட்டரி மாற்றுவது: வேலை இரண்டு நிமிஷம், எனக்கு ஆனது ஒன்றரை நாள்

டெல்லியில் ஜனவரி, காலை ஏழு மணி. மயூர் விஹாரில் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங். எதிரே நிற்பது யார் கார் என்றே தெரியாத பனிமூட்டம். நான் ரிமோட்டை அழுத்து அழுத்தென்று அழுத்துகிறேன், கார் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கடைசியில் சாவியைக் கதவில் போட்டுத் திருகித்தான் திறந்தேன். அன்றைக்கே மதியம் வெயில் வந்ததும் அதே ரிமோட் இருபதடி தூரத்திலிருந்து ஒரே அழுத்தில் திறந்தது. மறுநாள் காலை மறுபடியும் மௌனம். ஒரு வாரம் இப்படியே போனது.

மதியம் வேலை செய்கிறதே, அப்புறம் பேட்டரியை எப்படிக் குறை சொல்வது என்று நினைத்தேன். தப்பு. உயிர் போகிற நிலையில் இருக்கும் பட்டன் பேட்டரி இப்படித்தான் நடந்துகொள்ளும். குளிரில் அதன் உள் மின்தடை ஏறிவிடும். ரிமோட் சிக்னல் அனுப்பும் அந்த ஒரு கணத்தில் வோல்டேஜ் சட்டென்று இறங்கிவிடும். உள்ளங்கையில் இரண்டு நிமிஷம் பொத்தி வைத்துச் சூடாக்கி அழுத்திப் பாருங்கள். திறந்தால் சந்தேகமே வேண்டாம், பேட்டரிதான்.

இன்னொரு சோதனை, டூப்ளிகேட் சாவி. அது வேலை செய்தால் கோளாறு முதல் சாவியில். இரண்டுமே செய்யவில்லை என்றால் காரின் பெரிய பேட்டரியைப் பாருங்கள். ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான். டிவி ரிமோட்டைச் சோதிப்பதுபோல மொபைல் கேமரா முன்னால் அழுத்திப் பார்க்காதீர்கள். கார் ரிமோட் அனுப்புவது ரேடியோ அலை, நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ். கேமராவில் ஒன்றும் தெரியாது.

எந்த பேட்டரி?

பழைய பேட்டரியின் முதுகிலேயே எண் இருக்கும். அதிகம் வருவது சிஆர்2032. முதல் இரண்டு இலக்கம் விட்டம் (20 மிமீ), அடுத்த இரண்டு தடிமன் (3.2 மிமீ). சிஆர்2025 என்றால் அதே வட்டம், தடிமன் 2.5 மிமீ. சிஆர்1620 என்றால் 16 மிமீ வட்டம், 2 மிமீ தடிமன். இது தெரிந்தால், "2032 இல்லை சார், 2025 போடுங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லும் கடைக்காரரிடம் ஏமாற மாட்டீர்கள். 0.7 மிமீ இடைவெளி போதும், குலுங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டுப்போகும். வெள்ளித்தாளை மடித்து அடைத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

ரீசார்ஜ் செய்யக்கூடிய எல்ஐஆர்2032-ம் வேண்டாம். சிஆர் வகை 3 வோல்ட். எல்ஐஆர் முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும், ரிமோட்டின் சர்க்யூட்டுக்கு ஆபத்து.

நான் வாங்குவது ஒற்றை அட்டையில் தனித்தனியாக அடைத்து, காலாவதித் தேதி அச்சிட்டது மட்டும்தான். அறுபது ரூபாய் ஆனது. மேஜை மேல் கொட்டி வைத்து விற்பதில் ஒன்றோடொன்று உரசிப் பாதி சக்தி போயிருக்கும். செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில் எப்போதோ வாங்கிய மல்டிமீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். புதுப் பேட்டரி அதில் 3.2, 3.3 வோல்ட் காட்டவேண்டும். என் பழைய பேட்டரி 2.9 காட்டியது, 'இன்னும் இருக்கே' என்று ஏமாந்தேன். வேலை கொடுக்காமல் அளந்தால் கிழடும் இளசாகத்தான் தெரியும்.

திறப்பது

சாவியின் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், அதில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மெதுவாகத் திருகுங்கள். சில மாடல்களில் முதலில் ஒரு குட்டி ஸ்க்ரூவைக் கழற்றவேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் காலாவதியான டெபிட் கார்டு. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஓடு தழும்பாகிவிடும், கை தவறினால் சர்க்யூட்டில் கீறல். சமையலறைக் கத்தி எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சாவியைவிட விரல் விலை அதிகம்.

இங்கேதான் நான் விழுந்தேன்

திறக்கும் முன் மேஜையில் ஒரு வெள்ளைத் துணியை விரியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

நான் விரிக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து, டிவி பார்த்துக்கொண்டே சாவியைப் பிளந்தேன். 'டப்' என்று திறந்தது, பேட்டரியை மாற்றினேன், மூடினேன். கீழே போய் அழுத்தினால் கதவு ஜம்மென்று திறக்கிறது. பெருமையோடு உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். என்ஜின் ஒரு நொடி உறுமி அணைந்தது. மறுபடி. மறுபடி. டேஷ்போர்டில் சாவி படம் போட்ட சின்ன விளக்கு படபடவென்று மின்னியது.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "சாபி கி மெமரி உட் கயி, சார்" என்றார். பேட்டரியைக் கழற்றியதால் சாவியின் ஞாபகம் அழிந்துவிட்டதாம், புதுச் சாவி போட்டு ப்ரோகிராம் செய்ய 7,000 ரூபாய். காரோ 2013 மாடல் பெட்ரோல் வண்டி. டெல்லியில் பெட்ரோல் காருக்கு அப்போது சொல்லிவந்த 15 வருஷ ஆயுள் கணக்கு நெருங்கிக்கொண்டிருக்கும்போது அதற்கு ஏழாயிரமா என்று வயிற்றெரிச்சல்.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தபோதுதான் விளங்கியது. என் மாதிரிச் சாவியின் ஓட்டுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு ஆசாமிகள் குடியிருக்கிறார்கள். ஒருவர் ரிமோட்: பட்டன், சர்க்யூட், பேட்டரி. கதவைத் திறப்பதோடு அவர் வேலை முடிந்தது. இன்னொருவர் இம்மொபிலைசர் சிப். அவருக்குப் பேட்டரியே கிடையாது. சாவியை இக்னிஷனில் நுழைத்துத் திருப்பியதும், அங்கே சுற்றியிருக்கும் காயிலிலிருந்து வரும் சக்தியில் விழித்து, தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடுவார். அந்த எண் கேட்காவிட்டால் கார் என்ஜினை ஓட விடாது.

புதிய சாவிகள் பலவற்றில் இந்த சிப் சர்க்யூட்டோடு ஒட்டியே இருக்கும். என்னுடையது போன்ற பழைய சாவிகளில் அது தனித் துண்டு. கறுப்பாக, ஒரு சின்ன ஏலக்காய் அளவு, ஓட்டின் ஒரு மூலையில் சும்மா செருகி வைத்திருப்பார்கள். சில சாவிகளில் அது சின்னக் கண்ணாடிக் குழாய், விழுந்தால் உடையும். நான் பிளந்த வேகத்தில் அது தெறித்து எங்கோ போயிருக்கிறது, நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை சோபாவைக் கவிழ்த்தேன், மெத்தை உறையைக் கழற்றினேன், குப்பைக் கூடையைப் பேப்பரில் கொட்டினேன். கிடைக்கவில்லை. பதினொரு மணிக்கு வீட்டு வேலைக்கு வந்த தீதி என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "காலா வாலா?" (கறுப்பா இருக்குமே, அதுவா?) என்று கேட்டாள். முந்தின நாள் சாயங்காலம் பெருக்கும்போது கிடைத்ததாம். பிளாஸ்டிக்தான், ஆனாலும் ஏதோ சாமானின் துண்டு மாதிரி இருக்கிறதே என்று ஃப்ரிட்ஜ் மேல், ஊக்கும் ரப்பர் பேண்டும் போட்டுவைக்கிற கிண்ணத்தில் போட்டிருந்தாள். செருகினேன், மூடினேன், ஒரே திருப்பில் ஸ்டார்ட். அந்த வருஷ ஹோலிக்கு அவளுக்கு ஏழாயிரம் கொடுத்திருக்கவேண்டும், ஐந்நூறுதான் கொடுத்தேன்.

ஆகவே: துணி விரித்து, அதற்கு நேர் மேலே, பட்டன் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துத் திறக்கவும். திறந்த கையோடு மொபைலில் ஒரு படம். எது எங்கே இருந்தது, பேட்டரியின் பிளஸ் பக்கம் மேலா கீழா, எல்லாம் அதில் இருக்கும்.

மாற்றுவது

இதில் பெரிதாக ஒன்றுமில்லை. பழையதைப் பல்குச்சியால் தூக்குங்கள். இரும்பு இடுக்கி பிளஸ் மைனஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஷார்ட் ஆகும். புதியதை ஓரத்தைப் பிடித்து வையுங்கள், தட்டையான பரப்பில் விரல் எண்ணெய் படவேண்டாம். பேட்டரியைத் தொடும் தகட்டுக் கால்கள் பச்சையாகவோ மங்கலாகவோ இருந்தால் பென்சில் ரப்பரால் லேசாகத் தேயுங்கள், அல்லது ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காதுக்குச்சி. கால் படுத்துப்போயிருந்தால் ஒரு மயிரிழை மேலே நிமிர்த்துங்கள், அதற்கு மேல் வேண்டாம், ஒடிந்துவிடும்.

எடுத்த பேட்டரியை மேஜையில் விடாதீர்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதிகக் கவனம். 20 மிமீ லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அந்த இடத்தை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரி, காத்திருக்கக் கூடாது. இருபக்கமும் செல்லோடேப் ஒட்டி, மின்கழிவு வாங்குகிற இடத்தில் போடுங்கள்.

ரிமோட் காரை மறந்துவிட்டால்

பெரும்பாலும் மறக்காது. கார் அடையாளம் காணும் ரகசிய எண், அதாவது கோடு (code), இருப்பது பேட்டரி எடுத்தாலும் அழியாத மெமரியில். 'மெமரி போய்விட்டது' என்று யார் சொன்னாலும் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள்.

ஆனால் கணக்குத் தப்பும். ரிமோட் ஒவ்வொரு அழுத்துக்கும் புதுக் கோடு அனுப்புகிறது, திருடன் பதிவுசெய்து திரும்ப அனுப்பினாலும் பலிக்கக் கூடாது என்பதற்காக. சாவியில் ஒரு எண்ணிக்கை, காரில் ஒரு எண்ணிக்கை. கார் கேட்காத தூரத்தில் நீங்கள் அழுத்தினால் சாவி மட்டும் முன்னே ஓடிவிடும். கீலாக் என்ற பழைய முறையில் 16 எண் வரை முந்தினால் கார் கண்டுகொள்ளாமல் திறக்கும். அதற்கு மேல் போனால் அடுத்தடுத்து இரண்டு அழுத்து கேட்டபிறகே நம்பும்.

எங்கள் டூப்ளிகேட் சாவி பொங்கலுக்கு எங்களோடு மாயவரம் வந்தது. அக்கா பையன் கையில் கிடைத்தது. "மாமா, லைட்டு எரியுது பாரு" என்று இரண்டு நாள் அதே விளையாட்டு. திரும்பி வந்தால் கார் அந்தச் சாவியை யாரென்றே கேட்டது.

வரிசையாக முயலுங்கள். முதலில் கதவருகே நின்று நிதானமாக இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். பலிக்காவிட்டால் சாவியை இக்னிஷனில் போட்டு ஆன் நிலைக்குத் திருப்பி (ஸ்டார்ட் வேண்டாம்), லாக் பட்டனை இரண்டு நொடி அழுத்திப் பிடித்து, ஆஃப் செய்து, வெளியே வந்து சோதியுங்கள். எனக்கு இதிலேயே சரியானது. சில கார்களில் இக்னிஷன் ஆன் செய்தாலே போதும். சிலவற்றில் ரிமோட்டை அழுத்திவிட்டு ஒரு நிமிஷத்துக்குள் கதவைச் சாவியால் திறக்கவேண்டும். உங்கள் காரின் முறை டேஷ்போர்டு பெட்டியில் தூங்கும் கையேட்டில் இருக்கும்.

யூட்யூபில் வரும் 'ஐந்து தடவை ஆன், ஆஃப்' வித்தைகளை எடுத்தவுடன் செய்யாதீர்கள். அவற்றில் பல, புதுச் சாவியைச் சேர்க்கும் முறைகள். சில கார்கள் அந்த நிலைக்குப் போனதும் பழைய ரிமோட்டுகளை எல்லாம் மறந்துவிடும். செய்தே ஆகவேண்டுமென்றால் எல்லாச் சாவிகளும் கையில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை 1: கதவைச் சாவியால் திறந்ததும் அலாரம் அலறி, செக்யூரிட்டி ஓடிவந்ததாக ஒருவர் கமெண்டில் எழுதியிருக்கிறார். ரிமோட்டில் பூட்டிய காரைச் சாவியால் திறந்தால் பல மாடல்கள் அதைத் திருட்டு என்றே எடுத்துக்கொள்ளும். பதறாமல் உள்ளே உட்கார்ந்து இக்னிஷனை ஆன் செய்யுங்கள், நின்றுவிடும்.

பின்சேர்க்கை 2: புஷ் ஸ்டார்ட் கார் வைத்திருப்பவர்கள் கேட்டதற்கு: ரிமோட்டின் பக்கவாட்டில் ஒரு தாழ்ப்பாள் இருக்கும், அதைத் தள்ளி இழுத்தால் ஒல்லியான இரும்புச் சாவி வரும், கதவுக்கு அது. பிரேக்கை மிதித்துக்கொண்டு ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிவைத்து ஸ்டார்ட் செய்தால் பல மாடல்களில் ரிமோட்டின் பேட்டரி செத்திருந்தாலும் என்ஜின் ஓடும். இங்கேயும் அதே பேட்டரி இல்லாத ஆசாமிதான் வேலை செய்கிறார்.

பின்சேர்க்கை 3: புதுப் பேட்டரி போட்டும் உயிரில்லை, மீட்டரில் 3.3 காட்டுகிறது என்று ஒரு வாசகி. படம் அனுப்பச் சொன்னேன். குழந்தைகள் விழுங்காமலிருக்கச் சில பேட்டரிகளில் கசப்புப் பூச்சு பூசுகிறார்கள், அவர் வாங்கியது அந்த வகை. தகட்டுக் கால் அந்தப் பூச்சின் மேல் போய் உட்கார்ந்தால் தொடர்பு கிடைக்காது. பூச்சைச் சுரண்டவேண்டாம், அது குழந்தைக்காகப் போட்டது. பேட்டரியை இருந்த இடத்திலேயே கொஞ்சம் சுழற்றி வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் பூச்சில்லாத ஒன்றை வாங்குங்கள் என்று எழுதினேன். கால்வட்டம் சுழற்றியதுமே திறந்ததாம்.