சிரட்டை, நூல், மரத்துண்டு: வீட்டிலேயே கைவேலை தொடங்குவது எப்படி

கைவேலை பழக ஆசைப்படுகிறவர்களில் நிறைய பேர் முதல் வேலையாக ஆன்லைனில் ஒரு கிட் ஆர்டர் போடுகிறார்கள். அது வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாலே பாதிச் சாமான் கிடக்கும்: சிரட்டை, கமுகு, பனை ஓலை. அப்புறம் மரமில்லில் ஒதுக்கிப் போட்ட அயனி (பலா இனத்து மரம்) துண்டுகள். நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான். முதலில் செய்யும் பொருள் மறுநாளே அடுக்களையில் பயன்படுகிற ஒன்றாக இருக்கட்டும். ஷோகேஸில் வைக்கும் பொம்மையில் என்ன குறை இருந்தாலும் யாருக்கும் தெரியாது, ஆனால் சாம்பார் அள்ளுகிற தவியில் (அகப்பையில்) குறை இருந்தால் அன்றைக்கே கைக்குத் தெரிந்துவிடும், அடுத்த தவி தானாகவே நன்றாக வரும்.

அதனால் சிரட்டைத் தவியிலிருந்தே தொடங்குவோம். நன்றாக விளைந்த தேங்காயாக எடுங்கள். இளசின் சிரட்டை மெலிந்திருக்கும், அரம் பட்டதும் விரியும். உடைக்கும்போதே பாதி வேலை இருக்கிறது. ஓங்கி ஒரே அடி அடித்தால் விளிம்பு கோணலாகப் போகும். தேங்காயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, நடுவில் சுற்றிவர வெட்டுக்கத்தியின் முதுகால் தட்டிக்கொண்டு வந்தால் ஓரளவு வட்டமாகவே பிளக்கும். கண் இருக்கும் பாதி தவிக்கு ஆகாது, மூன்று கண்ணில் ஒன்று எப்போதும் மெலிவு, அதன் வழியாக ஒழுகும். அடிப்பாதியை எடுங்கள். துருவியது போக ஒட்டியிருக்கும் தேங்காயை உடனே சுரண்டப் போனால் கைதான் வலிக்கும், ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறட்டும், காலையில் ஸ்பூனாலேயே வந்துவிடும்.

வெளிப்புறத்து நார்தான் பொறுமையைச் சோதிக்கும். கத்தியைச் செங்குத்தாக நிறுத்திச் சுரண்டுங்கள், சீவ வேண்டாம். சீவினால் கத்தி வழுக்கும், சிரட்டையிலும் பள்ளம் விழும். பழைய ஆட்கள் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவார்கள், உண்மையில் கத்தியைவிட அது அழகாக வழிக்கும். ஆனால் கையை அறுத்துவிடும், அதனால் தடித்த துணியைச் சுற்றிப் பிடியுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்கவே வேண்டாம். நார் போனதும் உப்புத்தாள். ஹார்டுவேர் கடையில் 80, 120, 220, 400 என்று நம்பர் சொல்லிக் கேளுங்கள், இந்த வரிசையிலேயே தேய்க்க வேண்டும், ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகக் கூடாது. 80 போட்ட கீறல் முழுக்க 120-இல் மறையாவிட்டால், 400 வரை போய் எண்ணெய் தடவிய பிறகு அது பல்லைக் காட்டும். 220 முடிகிற நேரத்தில் அதுவரை அழுக்கு நிறமாக இருந்த சிரட்டையில் கறுப்புக்கு நடுவே வெளிர்பழுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த இடத்தில்தான் பலருக்கும் இந்த வேலை பிடித்துப்போகிறது. சிரட்டைத் தூள் மிக நைசானது, மூச்சில் போகக் கூடாது. திண்ணையிலோ முற்றத்திலோ உட்கார்ந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு தேயுங்கள். 220-க்கு மேல் வாட்டர் பேப்பர் வாங்கித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது.

கைப்பிடிக்குக் கமுகு வாரி (கமுகு மரத்தைப் பிளந்த குச்சி) அல்லது நன்றாகக் காய்ந்த மூங்கில், ஒன்றேகால் அடி நீளம் போதும். விளிம்பிலிருந்து ஒரு விரல் கீழே ஒரு துளை, அதற்கு நேர் எதிரே, இன்னும் அரை விரல் கீழே, கொஞ்சம் சிறியதாக இன்னொரு துளை. துளைகளுக்கு இந்த ஏற்றத்தாழ்வு இருந்தால்தான் கைப்பிடி மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும், குழம்புச் சட்டியில் கை சுடாமல் அள்ளலாம். டிரில் மிஷின் இருந்தால் 3 மில்லிமீட்டர் பிட்டில், குறைந்த வேகத்தில், அழுத்தாமல் துளைத்து, பிறகு உருண்டை அரத்தால் பெரிதாக்குங்கள். நேராகப் பெரிய பிட்டைப் போட்டால் சிரட்டை விரிசல் விடும். கைப்பிடியின் முனையை மெலிவாகச் சீவி, பெரிய துளை வழியாக நுழைத்து, எதிர்த் துளையில் முனை எட்டிப் பார்த்ததும் பின்னாலிருந்து மெல்லத் தட்டி இறுக்குங்கள். பசை எதுவும் வேண்டாம். கொதிக்கிற குழம்பில் போகிற பொருளுக்குப் பசை ஆகவே ஆகாது, தேவையும் இல்லை, ஏனென்றால் ஈரம் பட்டதும் கைப்பிடி உப்பித் துளையைத் தானே இறுக்கிக்கொள்ளும். காய்ந்து ஆடினால் இன்னொரு தட்டு, அவ்வளவுதான். கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவி ஒரு ராத்திரி வைத்துத் துடைத்துவிடுங்கள். வார்னிஷ் அடுக்களைச் சாமானுக்கு வேண்டாம். கழுவியபின் வெயிலில் காய வைக்காமல் நிழலில் தொங்கவிட்டால் விரிசல் வராது.

சரி, அடுத்து நூல். பின்னல் என்றதும் ஸ்வெட்டர் நினைவுக்கு வரும், ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஸ்வெட்டர் பின்னி யாருக்குப் போடுவது? பருத்தி நூலையும் முனையில் கொக்கி உள்ள ஒரே ஒரு குரோஷா ஊசியையும் எடுங்கள். இரண்டு ஊசிப் பின்னலைவிட இதைத்தான் நான் முதலில் சொல்வேன், ஏனென்றால் குரோஷாவில் ஒவ்வொரு பின்னலும் முடிந்ததும் ஊசியில் நிற்பது ஒரே கண்ணிதான். நடுவில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனாலும் அந்த ஒன்றைப் பெரிதாக இழுத்து விட்டுவிட்டுப் போகலாம். இரண்டு ஊசியில் ஒரு வரிசை முழுக்க ஊசியில் நிற்கும், நழுவினால் கீழ்வரை அவிழும்.

லேஸ் இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. 1820-களிலேயே நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். தெற்குத் திருவிதாங்கூரில் கையில் காசே பார்க்காத பெண்களுக்கு அது வருமானமானது. முளகுமூட்டில் கன்னியாஸ்திரிகள் வழியாகவும் லேஸும் எம்பிராய்டரியும் வளர்ந்தன. அதனால் உங்கள் தெருவிலேயே பின்னத் தெரிந்த ஒரு அக்காவோ பாட்டியோ இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள். யூடியூபுக்கு முன்னால் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். நூலை இடதுகை விரலில் எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதை வீடியோ எவ்வளவு பார்த்தாலும் பிடிபடாது, பக்கத்திலிருந்து பார்த்தால் சட்டென்று பிடிபடும்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துத் தையல் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 3 அல்லது 3.5 மில்லிமீட்டர் ஊசி, கொஞ்சம் தடித்த பருத்தி நூல். மெல்லிய லேஸ் நூலும் 1 மில்லிமீட்டர் ஊசியும் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் தொடக்கத்தில் கண்ணி எது இடைவெளி எது என்றே தெரியாது. முதல் பொருள் சட்டி இறக்குகிற பிடிதுணி. சுருக்கு முடிச்சு போட்டு 25 சங்கிலி பின்னுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணி நிற்கும், மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுங்கள், ஒன்று முடிந்தது. வரிசைக் கடைசியில் இப்படி 24 இருக்கும். ஒரு சங்கிலி போட்டுத் திருப்புங்கள், மறுபடி 24. பழகுகிறவர்களின் துணி மேலே போகப் போக ஒடுங்கி முக்கோணமாவதற்குக் காரணம் வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிடுவதுதான், அது ஓரத்தில் சுருண்டு ஒளிந்திருக்கும். கொஞ்ச நாளைக்கு ஒவ்வொரு வரிசையும் எண்ணுங்கள், சலிப்பாக இருந்தாலும் எண்ணுங்கள். மூலையோடு மூலை மடித்துப் பார்த்துச் சதுரமானதும் நிறுத்தலாம். இதே மாதிரி இன்னொன்று பின்னி இரண்டையும் சேர்த்துத் தைத்தால் சூடு தாங்கும். ஒரு விஷயம் முக்கியம்: இதற்கு உல்லன் நூல் என்று கடையில் விற்கும் அக்ரிலிக் கூடவே கூடாது, அது பிளாஸ்டிக், சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

மரவேலைக்குப் பெரிய பட்டறை வேண்டாம். ஒரு சின்ன வாள், ஒரு உளி, ஒரு அரம், மூலைமட்டம், இரண்டு கிளாம்ப் போதும். கிளாம்ப் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் உளி போடும்போதுதான் விரல் போகிறது. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று பச்சையாக வாங்கி வந்துவிடாதீர்கள். மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தில் சில நாளிலேயே நீலம் பாரிக்கும், வண்டும் துளைக்கும். அயனியோ பலாவோ கேளுங்கள். பலா உளிக்கு நன்றாக வசப்படும், வெட்டிய புதிதில் மஞ்சளாக இருந்து நாளாக ஆகப் பழுப்பேறும். தோசை மாவு கிளறுகிற ஒரு கரண்டி, சாயா தம்ளர் வைக்க ஒரு பலகை, இவற்றில் தொடங்கலாம். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள். கடையில் பாயில்ட் லின்சீட் ஆயில் என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயில் உலோக உப்புகள் கலந்திருக்கும், சாப்பாட்டுச் சாமானில் படக் கூடாது.

பிள்ளைகளுக்கு ஓலை போதும். குருத்தோலை ஞாயிறு அன்று சிலுவை மடிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கிலுகிலுப்பையும் சின்னப் பெட்டியும் முடையச் சொல்லிக்கொடுப்பது சிரமமே இல்லை. பனங்குருத்தை நிழலில் காய வைத்து, முடைவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஒடியாது.

நமக்கு மழை இரண்டு முறை வரும், ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும். அந்த மாதங்களில் பாதிப் பின்னலை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும், துணிப்பையில் போட்டுக் காற்றாட வையுங்கள். மரத்தை மில்லிலிருந்து கொண்டுவந்த கையோடு அறுக்க வேண்டாம், சில வாரம் வீட்டுக்குள் அடுக்கி, இடையில் குச்சி கொடுத்துக் காற்றுப் போக விடுங்கள். மழைக்காலத்தில் கச்சிதமாகப் பொருத்திய மூடி பங்குனியில் லொடலொடவென்று ஆடும் என்பதையும் கணக்கில் வைத்து அளவெடுங்கள்.

மரவேலையில் கை கொஞ்சம் பழகியதும் ஒரு நாள் தக்கலை போய்ப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். எல்லாரும் சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்ததுதான், ஆனால் உளி பிடித்த பிறகு பார்ப்பது வேறு. நுழைந்ததும் பூமுகத்து (முகப்பு மண்டபத்து) மரக்கூரையை அண்ணாந்து பாருங்கள், 90 வகைப் பூக்கள் செதுக்கியிருக்கிறது என்பார்கள். எண்ணுவதை விட்டுவிட்டு ஒரே ஒரு பூவை எடுத்துக்கொண்டு, உளி எந்தப் பக்கமிருந்து இறங்கியிருக்கும், இதழின் ஓரம் மரத்தின் ரேகைக்குக் குறுக்கே போகும் இடத்தில் பிசிறில்லாமல் எப்படி நிறுத்தியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, வேறு நாளில் போங்கள்.