முதல் நாவல்: எழுதும்போதும் அதைப் பற்றிப் பேசும்போதும் செய்யக்கூடாதவை

முதல் நாவல்கள் பெரும்பாலும் மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுபோகும். காரணம் எளிது: அங்கே வந்ததும் முதல் பக்கத்தைத் திருத்தத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பன்னிரண்டு பக்கம் பளபளவென்று இருக்கும். கதை நின்ற இடத்திலேயே நிற்கும். முடிவு எழுதப்படும்வரை தொடக்கத்தில் எது தேவை என்று யாருக்கும் தெரியாது. திருத்தத் தோன்றுவதை ஒரு நோட்டில் ஒரே வரியில் குறியுங்கள்: ‘மாமா இரண்டாம் அத்தியாயத்திலேயே வர வேண்டும்.’ பிறகு அவர் ஏற்கெனவே வந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுங்கள்.

அடுத்தது சொற்கணக்கு. 30 நாளில் 50,000 சொல், அதாவது நாளுக்கு 1,667 என்பது ஆங்கிலத்தில் எழுதுபவர்களிடம் பரவிய இலக்கு. அதை அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. ‘போகவேண்டியிருந்தது’ தமிழில் ஒரு சொல். அதே பொருளுக்கு ஆங்கிலத்தில் மூன்று சொல் வேண்டும். போதாக்குறைக்கு, கணினி இடைவெளியை வைத்துத்தான் எண்ணுகிறது. ‘எழுதிக்கொண்டிருந்தான்’ என்பதைப் பிரித்து எழுதினாலே கணக்கு ஏறிவிடும்! நாளுக்கு 300 சொல், வாரத்தில் 5 நாள் என்று வைத்தால் 40 வாரத்தில் 60,000. அதுவே பெரிய நாவல். விட்டுப்போன நாளின் கணக்கை மறுநாள் தலையில் ஏற்றாதீர்கள். 300 கடனாகி 900 ஆகும்போதுதான் பலர் நோட்டை மூடுகிறார்கள். திருத்தும் கட்டத்தில் சொல் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். அப்போது முடித்த காட்சிகளை எண்ணுங்கள்.

எழுத்து எவ்வளவு நகர்ந்தது என்று நண்பர்களிடம் சொல்வது நல்லதுதான். ஆனால் கதையைச் சொல்லிவிடக் கூடாது. உச்சக்கட்டத்தை விவரித்து, கேட்டவர்கள் ‘அடடா’ என்றுவிட்டால் எழுதும் வேகத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும். ‘60 சதவீதம் முடிந்தது’ என்பதும் வெறும் பேச்சு. முழு நீளம் தெரியாமல் சதவீதம் எங்கிருந்து வரும்? ‘ஒன்பதாம் அத்தியாயத்தில் இரண்டாம் காட்சி முடிந்தது’ என்று சொன்னால் போதும். அரைகுறை வரைவை வாசிக்கக் கொடுத்தால் வாசித்தவர் விரும்பும் திசைக்குக் கதை இழுபடும். முழு வரைவு முடிந்தபின் மூன்று பேருக்குக் கொடுங்கள். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்ற பதில்தான் வரும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், யாருடைய பெயர் மறந்துபோனது என்று கேளுங்கள்.

தமிழில் உரையாடல் எழுதும்போது வரும் சிக்கல் ஒன்று உண்டு. ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் ‘வருகிறேன்’ என்றும் அடுத்ததில் ‘வர்றேன்’ என்றும், பிறகு ‘வரேன்’ என்றும் பேசும். வாசகருக்கு என்ன உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாது, ஆனால் உறுத்தும். பாத்திரத்துக்கு ஒரு தாள் போட்டு அவர் வாயில் வரும் பத்து வினைச்சொற்களின் எழுத்துக்கூட்டலை முதலிலேயே முடிவுசெய்யுங்கள். வயது, பிறந்த ஆண்டு, யார் யாரை என்ன முறை சொல்லி அழைக்கிறார்கள் என்பவையும் அதே தாளில் இருக்கட்டும்.

வாசிப்பில் அதிகம் நடக்கும் தவறு, வரைவு எழுதும் மாதங்களில் ஒரே எழுத்தாளரை மூழ்கி வாசிப்பது. அவருடைய வாக்கிய நடை உங்கள் பக்கத்தில் கசியும், உங்களுக்கே தெரியாது. இரண்டு மூன்று பேரைக் கலந்து வாசியுங்கள். ஓரிடத்தில் சிக்கினால் ஏற்கெனவே படித்த நாவலில் ஒரு அத்தியாயத்தை எடுத்து பென்சிலோடு உட்காருங்கள். எத்தனை ‘என்றான்’ வருகிறது, பேசுபவர் பெயர் எங்கே விடப்பட்டிருக்கிறது, காட்சி எந்த வரியில் முடிகிறது என்று குறியுங்கள். புதிய புத்தகத்தில் இது நடக்காது. கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும்.

புத்தகம் பரிந்துரைக்கும்போது பத்துப் பெயரை அடுக்கினால் கேட்டவர் ஒன்றையும் எடுக்கமாட்டார். ஒரு புத்தகம், ஒரு காரணம்: காலம் முன்னும் பின்னும் தாவுவதைக் கையாளத் திணறுகிறவருக்கு இது, என்பதுபோல.

கோப்பு விஷயம் சிறியது, ஆனால் அழவைக்கும். ‘கடைசி’, ‘கடைசி புதுசு’ என்று பெயர் வைக்காமல் வாரம் ஒரு பிரதியைத் தேதியோடு சேமியுங்கள்; ஒன்று கணினிக்கு வெளியே இருக்கட்டும்.