இரண்டடிக் கூடாரத்தில் லெட்டூஸ்: நம் ஊர்ச் சூட்டில் மண்ணில்லா வளர்ப்பு

வீட்டுக்குள் ஹைட்ரோபோனிக்ஸ் தொடங்குகிறவர்கள் எடுத்தவுடன் விசாரிப்பது விளக்கைப் பற்றித்தான். ஆனால் சென்னையிலோ மதுரையிலோ லெட்டூஸ் செத்துப்போவது பெரும்பாலும் தண்ணீரின் சூட்டால். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். சூடு ஏற ஏற வேர் கேட்கும் ஆக்சிஜன் கூடிக்கொண்டே போகும். அதே சூட்டில் வேரழுகலைக் கொண்டுவரும், பூஞ்சை போன்ற பித்தியம் என்ற கிருமியும் கொழுக்கும். மூன்றும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் தொட்டி நாறிவிடும். அதனால் இங்கே சொல்லும் எல்லா ஏற்பாடும் தண்ணீரை 24 டிகிரிக்குள் வைப்பதைச் சுற்றியே அமைந்தவை.

ஏசியே இல்லாத வீடு என்றால் லெட்டூஸில் ஆரம்பிக்க வேண்டாம். வள்ளைக்கீரை (இலங்கைத் தமிழர் கங்குன் என்பார்கள்), கொடிப்பசலை, புதினா, இத்தாலியத் துளசியான பேசில் இவற்றில் ஒன்றை எடுங்கள். வள்ளைக்கீரைக்கு 30 டிகிரித் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. கருவிகளும் உரமும் ஒன்றுதான், கை பழகியபின் லெட்டூஸுக்கு வரலாம். இரவிலாவது ஏசி ஓடும் அறை இருந்தால் நேரே லெட்டூஸே வைக்கலாம்.

வாங்க வேண்டியவை

வீட்டுக்குள் செடி வளர்க்கவென்றே விற்கும் துணிக்கூடாரம்: 60 × 60 செ.மீ. அகலம், 140 செ.மீ. உயரம், உட்புறம் ஒளியைத் திருப்பியனுப்பும் பளபளப்பான மைலார் பூசியது. தொட்டி சுமார் 55 × 40 செ.மீ. அளவில், 30 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. கறுப்பு நிறம் நல்லது. டப்பாவுக்குள் டார்ச் அடித்தால் வெளியே வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் உள்ளே பாசி பிடிக்கும். அப்போது வெளிப்புறம் முழுக்க அலுமினியம் ஃபாயில் ஒட்டிவிடுங்கள். அதன்மேல் தெர்மாகோல் அட்டையால் நான்கு பக்கமும் அடியும் மூடினால் தண்ணீர் சூடேறுவது கணிசமாகக் குறையும்.

மூடியில் ஹோல் சா (வட்டத் துளையிடும் ரம்பம்) கொண்டு, செடிக்கூடைகள் உட்கார இரண்டு அங்குலத் துளை ஆறு போடுங்கள், மூன்று மூன்றாக இரண்டு வரிசை. எட்டு போடலாமே என்று தோன்றும், வேண்டாம். நெருக்கினால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, காற்றுப் போகாமல் அடியிலை அழுகும்.

மீன்தொட்டிக்கு விற்கும் ஏர் பம்ப் போதும், நிமிடத்துக்கு 4 அல்லது 5 லிட்டர் காற்றுத் தருவதாகப் பார்த்து வாங்குங்கள். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தொங்கவிட வேண்டும். கீழே வைத்தால், கரண்ட் போன நேரத்தில் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னோக்கி இறங்கி பம்புக்குள் புகுந்துவிடும். குழாயில் ஒரு செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் போகவிடும் அடைப்பான்) மாட்டுவதும் நல்லது. கூடவே பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

விளக்கைப் பொறுத்தவரை, இந்தக் கூடாரங்களோடு இணையத்தில் வரும் ஆலோசனைகளில் பெரும்பகுதி வெளிநாட்டில் கஞ்சா வளர்ப்பவர்களுக்காக எழுதப்பட்டது. அவர்கள் சொல்லும் 200 வாட், 300 வாட் விளக்கை இதற்குள் மாட்டினால் லெட்டூஸ் வெந்துபோகும். 60 முதல் 65 வாட் வெள்ளை எல்இடி பலகை தாராளம். இலைமட்டத்தில் 220 மைக்ரோமோல் (ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும், செடிக்குப் பயன்படும் ஒளியின் கணக்கு) அளவு ஒளி வேண்டும். அதை அளக்கும் கருவி விலை அதிகம். போனில் லக்ஸ் மீட்டர் செயலியை இறக்கி, வெள்ளை எல்இடிக்குக் கீழே ஏறத்தாழ 15,000 லக்ஸ் காட்டும் உயரத்தில் விளக்கைத் தொங்கவிட்டால் போதும். பெரும்பாலும் இலைக்கு 30 செ.மீ. மேலே வரும். நாளுக்கு 16 மணி நேரம் எரிய வேண்டும். 60 வாட் விளக்கு அப்படி எரிந்தால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகும்.

அந்த 16 மணி நேரத்தைப் பகலில் வைக்காதீர்கள். டைமரை மாலை 6 மணிக்குப் போட்டு காலை 10 மணிக்கு அணையும்படி அமையுங்கள். வெளியே வெயில் கொளுத்தும் நேரம் செடிக்கு இரவு, நமக்கு இரவாகும்போது செடிக்குப் பகல். விளக்கின் சூடும் வெயிலின் சூடும் ஒரே நேரத்தில் சேராது. இந்த ஒரு மாற்றத்தால் மட்டுமே பலருக்குப் பயிர் தப்பியிருக்கிறது.

கூடாரத்தின் மேல்வாயில் நான்கு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், கீழ்வாய் திறந்தபடி. உள்ளே கிளிப் மாட்டும் சிறு ஃபேன் ஒன்று. மின்கம்பிகள் எல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஜங்ஷன் பாக்ஸ் கூடாரத்துக்கு வெளியே. வயர் பிளக்குக்குப் போகுமுன் ஒரு வளைவு தாழ்ந்து தொங்கட்டும். வயரில் வழியும் நீர் அங்கே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை முதலில் போடுங்கள். நீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கப்போகின்றன, இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

தண்ணீரும் உரமும்

போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 300-ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள். அதில் ஏற்கெனவே கரைந்திருக்கும் உப்பு செடிக்கு வேண்டிய உப்பு அல்ல. உரத்துக்கான இடத்தை அது அடைத்துக்கொள்ளும். ஆர்ஓ தண்ணீர் சரி. அதில் கால்சியமும் மெக்னீசியமும் இல்லாததைக் கீழே உள்ள கலவை ஈடுகட்டும்.

உரக்கடைக்குப் போனால் பெரும்பாலும் 19-19-19 (உரப்பையில் வரும் மூன்று எண்ணும் முறையே நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் சத்தின் சதவீதம்) எடுத்துக் கொடுப்பார்கள். தோட்ட மண்ணுக்கு அருமையான உரம், நம் தொட்டிக்கு ஆகாது. அதிலுள்ள நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் யூரியாவை நைட்ரேட்டாக மாற்றித் தரும். சுத்தமான தண்ணீரில் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. செடி வெளிறிப்போய் நிற்கும், மீட்டரோ உரம் போதவில்லை என்று காட்டும், ஏனென்றால் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவை வைத்து உரத்தைக் கணக்கிடும் இசி மீட்டரில் யூரியா பதிவாகாது. அதை நம்பி இன்னும் கொட்டினால் கதை முடிந்தது.

தனித்தனியாக வாங்க வேண்டியவை: கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் (13-0-45), மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (0-52-34), மெக்னீசியம் சல்பேட், இரும்பு உள்ள கீலேட் (சத்து படியாமல் கரைந்தே இருக்கும் வடிவம்) நுண்ணூட்டக் கலவை. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும், முழுதாகக் கரையும் தரம் வேண்டும்.

இரண்டு பாட்டில் தயார் செய்யுங்கள். முதல் பாட்டிலில் 70 கிராம் கால்சியம் நைட்ரேட்டை ஆர்ஓ தண்ணீரில் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். இரண்டாவதில் 35 கிராம் பொட்டாசியம் நைட்ரேட், 17 கிராம் 0-52-34, 40 கிராம் மெக்னீசியம் சல்பேட் கரைத்து அதையும் ஒரு லிட்டராக்குங்கள். சமையலறைத் தராசு ஒரு கிராம் துல்லியம் காட்டினால் இதற்குப் போதும். தொட்டியில் 30 லிட்டர் தண்ணீர் நிரப்பி, முதல் பாட்டிலிலிருந்து 300 மி.லி. ஊற்றி நன்றாகக் கலக்கி, பிறகுதான் இரண்டாவதிலிருந்து 300 மி.லி. ஊற்ற வேண்டும். நுண்ணூட்டத்தைப் பொட்டலத்தில் உள்ள இரும்பின் சதவீதத்தைப் பார்த்து, லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு வரும்படி சேருங்கள். 12 சதவீத இரும்பு என்றால் 30 லிட்டருக்கு அரை கிராம். இதை மட்டும் நகைத் தராசு மாதிரி நுணுக்கமானதில் நிறுங்கள்.

இரண்டு பாட்டிலையும் அடர்த்தியாக ஒன்றாகக் கலந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசையிருந்தால், ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டிலும் நிறைய ஊற்றி வைத்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் மோர் போலக் கலங்கி அடியில் வெள்ளையாகப் படியும். கால்சியம் போய் சல்பேட்டையும் பாஸ்பேட்டையும் பிடித்துக்கொண்டு கல்லாகிவிட்டது என்று அர்த்தம். செடியால் அதைத் தொட முடியாது.

இந்தக் கலவையில் இசி மீட்டர் 1.5-ஐ (mS/cm அலகில்) ஒட்டிக் காட்டும். நாற்றுக்கு அதைச் சரிபாதியாக நீர்த்துக் கொடுங்கள்.

தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 5.8-இல் தொடங்கி 6.3 வரை ஏறவிடலாம். ஏறத்தான் செய்யும், வேர் நைட்ரேட்டை உறிஞ்சும்போது காரத்தன்மையை வெளியே விடுகிறது, ஆகவே ஏறுவது செடி சாப்பிடுகிறது என்பதற்கான அடையாளம். இறக்குவதற்கு நீர்த்த பாஸ்பாரிக் அமிலம், சொட்டுச் சொட்டாக. அமிலத்தைத்தான் தண்ணீரில் விட வேண்டும், ஒருபோதும் மாற்றி அல்ல. கையுறை, கண்ணாடி அவசியம். எலுமிச்சைச் சாறும் வினிகரும் அந்த நேரத்துக்குக் குறைக்கும், நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்றுவிடுவதால் மறுநாளே பழையபடி ஏறிவிடும். மலிவான பிஎச் பேனாவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிஎச் எவ்வளவு என்று முன்பே தெரிந்த பஃபர் கரைசலில் சரிபார்க்காவிட்டால் அது காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை.

விதையிலிருந்து

லெட்டூஸ் விதை 30 டிகிரிச் சூட்டில் முளைக்காமல் உறங்கிவிடும். விதை கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் தூக்கிப்போடுகிறார்கள். ஈர டிஷ்யூவில் விதையைப் பரப்பி, டப்பாவில் மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வையுங்கள். பிறகு ஒரு அங்குல ஸ்பாஞ்சுக் கட்டையின் பிளவில், மேலாக, வெளிச்சம் படும்படி ஒவ்வொன்றாக வைத்து, வீட்டிலேயே குளிர்ந்த இடத்தில் விட்டால் மூன்று நாளில் முளைவரும். முளை தெரிந்த அன்றே விளக்கின்கீழ் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் தண்டு நூல்போல நீண்டு சாய்ந்துவிடும், அதைத் திருத்த வழியில்லை.

சுமார் இரண்டு வாரத்தில் மூன்று, நான்கு இலை வந்து, ஸ்பாஞ்சுக்கு அடியில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். அப்போது நெட் பாட் எனும் வலைக்கூடைக்குள் வைத்துத் தொட்டிக்கு மாற்றுங்கள். தண்ணீர் அந்தக் கூடையின் அடியை ஒரு செ.மீ. தொட்டால் போதும். வேர் நீண்டபின் மட்டத்தை மெதுவாக இறக்கி, மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கைந்து செ.மீ. காற்றிடம் விட வேண்டும். அங்கே தொங்கும் மேல்வேர்கள் ஈரக்காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுக்கப் பழகிவிடும். கரண்ட் போய் பம்ப் நிற்கும் மணிக்கணக்கில் செடியைத் தாங்குவது அந்த வேர்கள்தான். குறைந்துவிட்டதே என்று தண்ணீரைப் பழைய மட்டத்துக்கு நிரப்பி அவற்றை மூழ்கடித்தால், பழகிய வேர் மூச்சுமுட்டிச் சாகும்.

தினமும் பார்க்க வேண்டியது

காலையில் தண்ணீரின் சூடு, பிஎச், இசி மூன்றையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். தண்ணீர் குறைந்து இசி ஏறியிருந்தால் செடி உரத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடித்திருக்கிறது. வெறும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். இசி இறங்கியிருந்தால் உரத்தோடு ஊற்றுங்கள். வளர்ந்த ஆறு செடிகள் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே குடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றி, பழையதை வெளியே உள்ள வாழைக்கோ செம்பருத்திக்கோ ஊற்றலாம்.

தண்ணீர் 26-ஐத் தொட்டால் ஃப்ரீசரில் உறையவைத்த ஒரு லிட்டர் பாட்டிலைத் தொட்டியில் போடுங்கள். 30 லிட்டர் தண்ணீரை அது மூன்றிலிருந்து நான்கு டிகிரி இறக்கும். மே மாதத்தில் காலை ஒன்று, மதியம் ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருக்க நேரும். பாட்டிலின் வெளிப்புறத்தை முதலில் கழுவிவிடுங்கள். சிங்கப்பூரில் வேர்ப்பகுதியை மட்டும் குளிரவைத்து, வெப்பமான காற்றிலேயே குளிர்நாட்டு லெட்டூஸை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அறை முழுவதையும் குளிர்விக்க முடியாத வீட்டுக்கு இது பெரிய நம்பிக்கை.

கெடும்போது

மதியம் செடி வாடி நிற்கிறது, தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்றால் உடனே மூடியைத் தூக்கி வேரைப் பாருங்கள். பழுப்பு நிறம் மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், நுண்ணூட்டத்தின் இரும்பே வேரைச் சற்றுக் கறையாக்கும். ஒரு வேரை இரு விரலுக்கு நடுவே பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல வேர் அப்படியே நிற்கும். அழுகிய வேரின் மேல்தோல் உறைபோலக் கழன்று விரலோடு வந்துவிடும், நடுவில் முடி மாதிரி ஒரு இழை மிஞ்சும். விரலில் வழவழப்பும் சாக்கடை வாடையும் ஒட்டும். அதுதான் பித்தியம். பாதிக்கு மேல் அப்படியிருந்தால் அந்தச் செடியைக் காப்பாற்ற முயலாமல் எடுத்தெறியுங்கள். தொட்டி, கூடை, குழாய், அதன் முனையில் குமிழி விடும் ஏர் ஸ்டோன் எல்லாவற்றையும் லிட்டருக்கு 10 மி.லி. வாசனையில்லாத ப்ளீச் கலந்த தண்ணீரில் அரைமணி ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். ஏர் ஸ்டோனைப் புதிதாகவே வாங்கிவிடலாம், அதன் நுண்துளைக்குள் இருப்பது எளிதில் போகாது.

நடுக்குருத்தின் இளம் இலை ஓரம் மட்டும் கருகினால் அது கால்சியம் குறை. ஆனால் தண்ணீரில் கால்சியம் இல்லாததால் வருவதில்லை. கால்சியம் பெரும்பாலும் இலையிலிருந்து நீர் ஆவியாகும் நீராவிப்போக்கோடுதான் மேலேறும். குருத்துக்குள் காற்று அசையாததால் அங்கே நீர் ஆவியாவதில்லை, கால்சியமும் போய்ச் சேர்வதில்லை. உரத்தைக் கூட்டாமல், கிளிப் ஃபேனைச் செடியின் நடுவை நோக்கித் திருப்புங்கள். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எக்ஸாஸ்டை வேகப்படுத்துங்கள். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, அடுத்து வரும் இலையைப் பார்த்துத்தான் சரியானதா என்று தெரியும்.

புது இலை நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புக் குறை, பிஎச் 6.5-ஐத் தாண்டியிருக்கும். அசுவினி வந்தால் ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பூச்சி ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் அட்டை ஒன்று எப்போதும் உள்ளே தொங்கட்டும்.

விதைத்து 45 நாளையொட்டி அறுக்கலாம். அறுப்பதை விளக்கு எரிந்து முடியும் நேரத்தில், அதாவது காலை 9 மணிவாக்கில் செய்தால் இலையில் நைட்ரேட் குறைவாக இருக்கும். நடுத்தண்டு கூம்பாக நீளத் தொடங்கினால் பூக்கப்போகிறது, இலை கசக்க ஆரம்பித்துவிடும். எடை வரட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே வெட்டிவிடுங்கள்.