பட்டறையிலிருந்து காயத்தோடு வருகிறவருக்கு டாக்டர்கள் எழுதக் கூடாதவை

மணலி, திருவொற்றியூர் பட்டறைகளிலிருந்து விரல் நசுங்கி வருகிறவர்களுக்கு இளம் டாக்டர்கள் தையல் போடுவதைப் பார்க்கிறேன். தையலில் குறையில்லை. கேஸ் ஷீட்டில்தான் எங்கள் தலைமுறையின் பிழைகள் அப்படியே தொடர்கின்றன.

"லைட் டியூட்டிக்குத் தகுதி"

உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் பட்டறையில் அப்படியொரு இலகுவான வேலை கிடையாது. எழுதாதீர்கள்.

கூட வந்தவர் சொன்னதை எழுதுவது

காயம்பட்டவர் வலியில் துடிப்பார், பேசுகிறவர் சூப்பர்வைசர். "வீட்டுப் படியில் விழுந்துவிட்டான், டாக்டர்" என்பார். அதுவே கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். பவர் பிரஸ்ஸில் நசுங்கிய விரல் படியில் விழுந்த விரல்போலவா இருக்கும்? எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இங்கேதான்.

தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இந்த ஒரு வரியின் விலை பெரிது. வேலையில் பட்ட காயமென்றால், சேர்ந்த முதல் நாளானாலும், தற்காலிக ஊனம் நீடிக்கும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் உண்டு. வீட்டில் பட்டதென்றால் நோய்க்கால உதவி மட்டுமே: 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை. அதற்கும் உரிய ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். நிரந்தர ஊனத்துக்கான தொகையோ அடியோடு போய்விடும். கட்டைவிரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று சட்ட அட்டவணையே சொல்கிறது. கேஸ் ஷீட்டில் படிக்கட்டு இருந்தால் அந்த அட்டவணையால் பயனில்லை.

ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், மேஸ்திரி சொல்லி எழுதப்பட்ட அப்படியொரு நகலோடு, மாதங்கள் கழித்து என்னிடம் வந்தார். திருத்த வழியில்லை, முதல் நாள் எழுதியதைத்தான் எல்லோரும் நம்புவார்கள். வருமானம் நின்றதால் பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார். எஞ்சிய விரல்களும் விறைத்துவிட்டன. காயத்தை நாம் சரியாகத் தைத்தோம், கையைக் காப்பாற்றவில்லை.

கூட வந்தவரை வெளியே அனுப்புங்கள். எந்த இயந்திரம், எந்த இடம், எத்தனை மணி என்று காயம்பட்டவரையே கேட்டு எழுதுங்கள். தமிழ் தெரியாதவரென்றால், கம்பெனியைச் சேராத ஒருவரை மொழிபெயர்க்க அழையுங்கள். விவரம் சொன்னவர் யார் என்பதையும் குறியுங்கள்.

வேலையைக் கேட்காமல் ஊனச் சதவீதம் போடுவது

உடல் ஊனமும் சம்பாதிக்கும் திறனின் இழப்பும் ஒன்றல்ல. முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த தச்சர் ஒருவருக்கு, அவர் தொழிலில் இழப்பு முழுமையானது என்பதை உச்ச நீதிமன்றம் 1975-லேயே ஏற்றது. அந்தத் தச்சரை நினைவில் வைத்துச் சான்றிதழ் எழுதுங்கள்.

ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல்

தொழிலாளியின் கையிலேயே கொடுங்கள். சூப்பர்வைசரிடம் அல்ல.